தூரிகையில் கட்டிய கயிறு

ஜூன் 18, வியாழன், கோல்டிங்

மகள் அபிநயா பரீட்சையில் பன்னிரண்டு புள்ளி எடுத்துவிட்டாள். டென்மார்க்கில் அதற்கு மேல் புள்ளி இல்லை.

ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் படம் எந்த வரலாற்றிலிருந்து பிறந்தது என்பதுதான் வாய்மொழிப் பரீட்சையில் அவளுடைய தலைப்பு. போன கிழமை அந்தப் படத்தை வீட்டில் போட்டாள். அதில் பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறக்கிறார்கள். கண் எழுதும் தூரிகையில் நீளமான கயிறு கட்டி, ஊரே அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இது எங்கடை ஆக்கள் கொண்டுபோய்க் குடுத்ததடி. கும்பாபிஷேகத்திலை யாகசாலையிலயிருந்து சாமி வரைக்கும் கயிறு கட்டுறவையெல்லே?"

"அம்மா, எல்லாத்தையும் எங்கடை எண்டு சொல்லாதேங்கோ. வெக்கமாக் கிடக்கு."

எப்போதும் டெனிஷில் பதில் சொல்பவள், என்னைத் திட்ட மட்டும் தமிழுக்கு வருவாள்.

இன்று மூச்சிரைக்க ஓடி வந்தாள். நான் சொன்னது பிழை என்று காட்டத்தான் தேடினாளாம். ஜப்பானில் அந்தப் பழைய பெரிய புத்தருக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன ஒரு துறவியாம். கயிறும் உண்மையாம். அதையே பரீட்சையில் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாராம்.

"அம்மா, உங்களுக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?" திட்டாமலே தமிழில் கேட்டாள் அபிநயா.

"தெரியும்" என்றேன், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே.

அந்தத் துறவியைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. வழக்கம்போல அடித்துவிட்டதுதான். இந்த முறை பட்டுவிட்டது.

இரவு பத்தரை மணிக்கும் வெளியே வெளிச்சம். நித்திரை வரவில்லை. நாளைக்கு டென்மார்க்கைப் பற்றியும் ஒன்று அடித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.