சர்க்கரைத் தண்ணீரைத் தொடாத எலி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் நலத்தை நீயாக எழுதமாட்டாய் என்று அத்தானிடம் கேட்டேன். உன் பஸ் விபத்து நடந்து எட்டு மாதமாகியும் நீ மறுபடி ஓட்டப் போகவில்லையாம், பாட்டுகூடக் கேட்பதில்லையாம். "திமிருதான், வேறென்ன" என்றார். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

இங்கே ஆய்வகத்திலும் சண்டைதான். எலிக்குச் சர்க்கரைத் தண்ணீர் என்றால் உயிர், ஆனால் பல வாரம் பயத்தில் வைத்த எலிகள் அதைத் தொடுவதில்லை. மூளையில் மற்ற செல்களை அடக்கிவைக்கும் செல்கள் உண்டு. அவை வேண்டியவைதான். ஆனால் பயந்த எலியில் அவற்றில் ஒரு கூட்டம் ஓயாமல் உழைத்து, 'இது நன்றாயிருக்கிறது, இன்னும் வேண்டும்' என்று சொல்லும் செல்களின் வாயை அடைத்துவிடுகிறது. அந்தக் கூட்டத்தைச் சற்று ஓயவைத்தேன். எலிகள் மறுபடி குடித்தன.

பேராசிரியர் நம்பவில்லை. "நீ பார்க்க ஆசைப்பட்டதையே பார்த்திருக்கே" என்றார். எது எந்த எலி என்று தெரியாதபடி கூண்டுச் சீட்டுகளை மறைத்து, வேறொருவர் கையால் திரும்பச் செய்யப்போகிறோம். பிசகினால் என் மூன்று வருடம் போச்சு.

உன் வாலு

மார்ச் 19

என் வாலுக்கு,

விசாரணையில் என்மேல் தப்பில்லை என்றபோதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உன் கடிதத்தைப் படித்து அழுதேன். எலியை யாரும் திமிர் என்று சொல்லவில்லையே. என் மண்டையிலும் அதுதானா?

அக்கா

மே 22

அக்கா,

எலியைப் பார்த்து உன் மண்டையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. டாக்டரிடம் போ. ஆனால் அது திமிர் இல்லை, எழுதியே தருகிறேன்.

இன்று சீட்டுகளைப் பிரித்தோம். நாற்பது எலி. பேராசிரியர் பட்டியலை இரண்டு முறை பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும், "நான்தான் தப்பா நினைச்சேன். நீ சொன்னது சரி" என்றார். நேரே குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன்.

வாலு

ஆகஸ்ட் 9

என் தங்கமே,

உன் அத்தான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனார். வாராவாரம் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார் ஒருநாள்.

மாத்திரையும் பேச்சுமாக இரண்டு மாதம். இன்று பஸ் எடுத்தேன். முதல் திருப்பத்தில் வேண்டியதைவிட மெதுவாகத் திருப்பினேன், பிறகு பழகிவிட்டது. கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கியதும் ரேடியோவைப் போட்டேன். ஒரு பாட்டு முடிந்தது. இன்னொன்றும் கேட்கலாமென்று தோன்றியது. தோன்றியது, கேட்டாயா! உட்கார்ந்து கேட்டேன்.

பத்து நிமிடம் தாமதமாக டிப்போ சேர்ந்ததற்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா