நான்காம் தடத்தில் இருந்த குரல்

ஒருபோதும் மெதுவாகப் பாடத் தெரியாத என் அன்புத் தம்பி ரஞ்சனுக்கு,

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து ஒரு கிழமை ஆகிறது. வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். வெள்ளவத்தை வீட்டில் நான் மட்டும். காலி வீதியில் இன்றைக்கும் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை பார்க்கிறார்கள். நாட்டுச் சண்டை நீ விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது.

உன்னிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும் துணிவு எனக்கு இருக்குமா தெரியாது.

நாம் பதிந்த 'கரையோர ரயில்' அல்பம் மறுபடி வரப்போகிறது, சீடி இறுவட்டாக. பம்பலப்பிட்டியிலிருந்து நிலூஃபா என்றொரு பல்கலைக்கழகப் பிள்ளை வந்தாள். இருபது வருடத்துக்கு முன் நாம் பிரதிபண்ணிக் கொடுத்த கசற் ஒன்று அவளுடைய வாப்பாவிடம் இருந்ததாம்.

"அங்கிள், ஒரு ரொக் அல்பம் முழுக்க ஒரு சொல்லும் இல்ல. எல்லாரும் கத்திக்கொண்டு இருந்த நேரத்தில ரஞ்சன் அங்கிள் வாயை மூடிக்கொண்டு நிண்டிருக்கார். என்ன தைரியம்! யாருட ஐடியா அது?"

"தம்பியின்ரை," என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

நாம் அதைப் பதிந்த பின்னறை நினைவிருக்கிறதா? யன்னலில் மெத்தையைச் சாத்தி வைத்திருந்தோம். கொட்டாஞ்சேனையிலிருந்து அன்ரன் தன் ட்ரம்களை ஓட்டோவில் கொண்டுவருவான். நான்கு ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் பதியும் மெசினை அவன்தான் யாரிடமோ இரவல் வாங்கியிருந்தான். அதை இயக்குவதும், எந்தத் தடத்தில் என்ன இருக்கிறது என்று கொப்பியில் குறிப்பதும் என் வேலை. படவரைஞனான எனக்கு அதுதான் சரி என்று நீயே சொன்னாய்.

கிட்டார் ஒலி இருள வேண்டுமென்று ஸ்பீக்கரைப் புட்டுப்பானைக்குள் இறக்கினாய். "பானைக்குள்ள என்னடா அவிக்கிறாய்?" என்று அம்மா கேட்டா. "பாட்டு, அம்மா. ஆவி வந்த உடனை இறக்கிறன்." பாணந்துறை ரயில் சுவரை அதிர வைத்தபோது நான் மெசினை நிறுத்தப் போனேன். "நிப்பாட்டாதை அண்ணை! அவரும் எங்கடை பாண்ட் செற்தான்."

நான்காம் தடத்தில் உன் குரல். மத்தியானங்களில் அம்மா வாசலில் நின்று ஒழுங்கைத் தெருவைப் பார்த்துப் போடும் சத்தத்தை நீ பாட்டாக்கியிருந்தாய்: 'பெடியள் கடலுக்குப் போயிட்டாங்கள், சோறு ஆறுது, வரச் சொல்லு.' முனகலாகத் தொடங்கி அலறலாக முடியும்.

பெடியள் என்றால் எங்களுக்கு ஒழுங்கைப் பையன்கள். நாட்டுக்கோ அப்போது அது துவக்கு ஏந்திய இயக்கப் போராளிகள். தமிழ் தெரியாத பொலிஸ்காரருக்கும் தெரிந்த தமிழ்ச் சொல் அது. அந்தப் பெடியள் கடலுக்குப் போனார்கள் என்று என் வீட்டுக் கசற் பாடினால் அதுவே சாட்சியாகாதா?

ஒருநாள் பொலிஸ் சுற்றிவளைப்பில் உன்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சோதனை என்று கேள்விப்பட்டேன். அந்தச் சொல்லை மட்டும் அழிக்கத்தான் நினைத்தேன், ரஞ்சன். அது எங்கும் இருந்தது. அதுவரை பிரதியும் எடுத்திருக்கவில்லை. கடைசியில் தடம் முழுவதையும் அழித்தேன். ஒரு குரலை அழிக்க அது பாடிய நேரம் முழுவதும் வேண்டும் என்பது உனக்குத் தெரியுமா? அவ்வளவு நேரமும் பொத்தானைப் பார்த்தபடி இருந்தேன்.

பின்னேரம் வந்தார்கள். கசற்றுகளைத் தொடவேயில்லை. ஒருவன் உன் கிட்டாரைத் தட்டிப் பார்த்து "ஷோக்!" என்று சிங்களத்தில் மெச்சினான். போய்விட்டார்கள்.

மூன்று கிழமை கழித்து நீ வந்தாய். குளித்துச் சாப்பிட்டுவிட்டு மெசினைப் போட்டாய்.

"எங்கை அண்ணை என்ரை குரல்?"

"மெசின் கசற் ரேப்பைத் திண்டிட்டுது."

கொப்பியிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். நீ அதை வாசித்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"நாலாவது தடத்தை மட்டும் திண்டதோ? நல்ல ருசி தெரிஞ்ச மெசின்."

சிரித்தாய். இப்படியே பிரதிபண்ணிக் கொடுப்போம், திரும்பப் பாட மாட்டேன் என்றாய். அந்த மாதமே அன்ரன் கனடாவுக்குப் போய்விட்டான்.

அதன்பின் நீ எனக்கு முன்னால் பாடியதில்லை. நீ படியேறும்போது பாட்டுக் கேட்கும், கதவுப் பூட்டில் திறப்பைப் போட்டதும் நின்றுவிடும். இருபது வருடம். கோபமா? அல்லது அண்ணன் பயப்படக் கூடாது என்ற கரிசனையா? களுபோவில ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே கேட்க எத்தனையோ மத்தியானங்கள் இருந்தன. நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் கோழைத்தனத்துக்கு உன் துணிவு என்று பெயர் வைக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் உனக்குக் கிடைத்த மரியாதை போய்விடுமோ என்று யோசிக்கிறேன். அதுவும் ஒளிந்துகொள்ள ஒரு சாட்டுத்தானோ, அறியேன். சொன்னாலும் குரல் வராது. மிஞ்சிய ஒவ்வொரு கசற்றையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். நீ எங்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நிலூஃபா இறுவட்டின் அட்டையைச் சரிபார்க்கக் கொண்டுவருவாள். கிட்டார் நீ, ட்ரம் அன்ரன், ஒலிப்பதிவு நான். இந்தக் கடிதத்தை, 'பெடியள்' என்ற அந்தச் சொல்லோடு, அப்படியே அச்சிடும்படி அவளிடம் கொடுப்பேன். என் பெயருக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கச் சொல்வேன்: 'குரலை அழித்தவரும் இவரே.' கொடுப்பேன், ரஞ்சன்.

உன் பாட்டுக்குப் பயந்த,
கொண்ணன்