லுங்கிக்குக் கீழே சேஃப்டி ஷூ

என் நைனாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. இன்னமும் உன்னோடு சண்டை போடத்தான் பேனாவை எடுக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. இந்தப் பிடிவாதம் உன்னிடமிருந்து வந்ததில்லை, அம்மாவுடையது.

நம் ஆரம்பாக்கத்தில் ஞாயிறுதோறும் நாங்கள் நடத்தும் இலவச மருத்துவ முகாம் இன்னும் நடக்கிறது. ஒரு டாக்டரம்மா, நர்ஸாக நான், இரண்டு மேசை, சுகர் பார்க்கும் கருவி ஒன்று. சம்பளம் கிடையாது. மதியம் பிரிஞ்சி சோறு உண்டு, அதையும் டாக்டரம்மாவே வீட்டிலிருந்து கொண்டுவருகிறார்.

போன வாரம் குமார் என்ற தொழிலாளியைக் கம்பெனி சூப்பர்வைசர் கூட்டிவந்தார். வலது கை நசுங்கி, துணி சுற்றியிருந்தது. உடம்பில் சுத்தமான லுங்கி, இஸ்திரி போட்ட சட்டை. வேலையில் அடிபட்டால் முதலில் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டுத்தான் வைத்தியத்துக்கு அழைத்துவருவார்கள் என்பது உனக்குத் தெரியாததா? அவசரத்தில் காலை மறந்துவிட்டார்கள். லுங்கிக்குக் கீழே இரும்புத்தூள் படிந்த சேஃப்டி ஷூ.

டாக்டரம்மா கட்டுப்போட்டுவிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பும் சீட்டை நிரப்புவது என் வேலை.

"ஊட்ல கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னு எழுதிடு சிஸ்டர். யாருக்கும் பேஜாரு இல்ல" என்றார் சூப்பர்வைசர்.

"ஊட்ல சேஃப்டி ஷூ போட்டுக்கினுதான் கதவ சாத்துவாராண்ணா?"

குமார் தலையைத் தூக்கவில்லை. "வேலை பூடும் சிஸ்டர். அவரு சொல்றதயே எழுதிடுங்க."

நைனா, அது உன் குரல். ரோலிங் மில்லில் இரண்டு விரல் போனபோது நீயும் இப்படித்தான், வீட்டில் விறகு பிளக்கும்போது வெட்டிக்கொண்டதாகச் சொன்னாய். சீட்டிலும் அப்படியே எழுதினார்கள். பிறகு நியாயம் கேட்கப் போனபோது அந்தச் சீட்டையே உன் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். விரலும் போய், வேலையும் போனது. எங்களுக்காகத்தான் பயந்தாய், தெரியும். உன்னைப் பயமுறுத்தியவர்களை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியாது.

அதனால் குமாரிடம் சொன்னேன்: "அண்ணா, இன்னிக்கிப் பொய் எழுதினா, நாளைக்கி கை வெளங்கலன்னா உங்களுக்காகப் பேச ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது. கை உங்க கை. நீங்க சொல்லுங்க, இன்னா எழுதட்டும்?"

இடது கையால் கட்டைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம், "மிஷின்லதான் மாட்டுச்சு. எழுதுங்க" என்றார்.

எழுதினேன். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். முகாம் நடக்கும் ஹால் அந்தக் கம்பெனி கான்ட்ராக்டருடையது. அடுத்த வாரத்திலிருந்து பூட்டிவிடுவதாகச் சாயங்காலமே போன் வந்தது. பூட்டிக்கொள்ளட்டும், சாவியை அவரே வைத்துக்கொண்டு அழகு பார்க்கட்டும்.

குமாரின் கை தேறுமா? வேலை நிலைக்குமா? எனக்குத் தெரியவில்லை. நான் செய்தது சரிதானே நைனா?

நாளைக்கு நம் வீட்டு வாசலில் மேசை போடுகிறேன். "உனுக்கு இன்னாத்துக்குடி ஊர் வம்பு?" என்று கத்தித் தீர்த்த அம்மா, இப்போது வாசலைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

நீ பயந்து பொய் சொன்னபோது பழியை இந்த வீட்டின் மேல்தான் போட்டாய். இனி எவன் மிஷின் செய்த காயத்தையும் நம் மாதிரி ஒரு வீட்டின் தலையில் கட்ட விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் வாயாடிப் பொண்ணு,
செல்வி