மாமாவின் காரில் எந்த இன்ஜின்?

மார்ச் 3, செவ்வாய்

கிளினிக்கில் காலையிலிருந்து பல்வலிக்காரர்கள். வீட்டுக்கு வந்தால் இங்கே வேறு வலி. மாமனார் எங்களுக்குக் கொடுத்த பழைய காரைப் பழங்கால கார் சங்கத்துப் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். சங்கம் இந்த மாதம் நடத்தும் கார் ஊர்வலத்தில் முதல் வரிசை, செய்தபோது வைத்த இன்ஜினோடு இன்றும் ஓடும் கார்களுக்கு மட்டும்தான். இன்ஜினில் அடித்திருக்கும் எண் பதிவுப் புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் அதைச் சுற்றி அரம் பட்ட கீறல்.

"வேற எண்ணைத் தேய்ச்சிட்டு இதை அடிச்ச மாதிரி இருக்கு" என்றாராம் பரிசோதகர்.

"துருவைத்தான் தேய்ச்சேன். இன்ஜினை நான் மாத்தலை" என்றாராம் மாமா.

கொழுந்தன் சிரித்தானாம். "மாத்தினதை மறந்திருப்பீங்கப்பா."

மாமா பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து கைகழுவிவிட்டார்.

மார்ச் 4

மறதியா? நான் தொலைக்கும் சாவியையெல்லாம் தேடித் தருபவரே அவர்தான்.

மார்ச் 6, வெள்ளி

பரிசோதகருக்கு நானே போன் செய்தேன். நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். "அடிச்ச எண்ணை மாத்தலாம்மா. இரும்பை வார்க்கும்போதே புடைப்பா வர்ற தேதியை மாத்த முடியாது. அது இன்ஜினோட முதுகுல இருக்கும். கார் செஞ்சதுக்குக் கொஞ்சம் முந்தின தேதியா இருந்தா ஒத்துக்கறேன்."

கார் செய்த மாதம் கதவோரத் தகட்டில் இருக்கிறது: ஜூன். ஆனால் இன்ஜினின் முதுகைப் பார்க்க அதை இறக்க வேண்டுமே? மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "இத்தனை வருஷத்து போல்ட்டு. கழட்டினா முறியும். அப்புறம் அதுவும் பழசில்லைம்பாங்க."

மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

மார்ச் 7

கடைவாய்ப் பல்லின் முதுகைப் பார்க்க நான் தாடையைக் கழற்றுகிறேனா என்ன?

மார்ச் 8, ஞாயிறு

பல் பார்க்கும் கண்ணாடியும் விளக்குமாக ஷெட்டுக்குப் போனேன். இன்ஜினுக்குப் பின்னால் என் கைதான் நுழைந்தது. கெட்டிப்பட்ட எண்ணெய் அழுக்கு. பல்லில் காறை எடுப்பதுபோல் மெல்லச் சுரண்டினேன்.

கொழுந்தன் வாசலில் நின்றான். "தானம் கொடுத்த மாட்டையே பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதும்பாங்க. அண்ணி காரைப் பார்க்கறாங்க."

என் கணவர் அவனை முறைத்தார். நான் திரும்பவே இல்லை.

கண்ணாடியில் எழுத்து இடம் வலம் மாறித்தான் தெரியும். எனக்கு அதுதானே பிழைப்பு. முதலில் மாதம் — மே. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன் — மேதான். பக்கத்தில் ஆண்டு. கார் செய்த அதே ஆண்டு.

கையைக்கூடத் துடைக்காமல் மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, மே மாசத்து வார்ப்பு. நீங்க சொன்னதுதான் சரி."

"எனக்குத் தெரியுமேம்மா" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 10

பரிசோதகர் வந்து, நான் பிடித்த கண்ணாடியில் தன் கண்ணாலேயே பார்த்தார். நேரே மாமாவிடம் போய்க் கைகொடுத்தார். "சந்தேகப்பட்டது என் வேலை சார். தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு முதல் வரிசை." கொழுந்தன் மாடிக்குப் போய்விட்டான்.

நான் கிளினிக்கில் நாளெல்லாம் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். பல் பிடுங்க வந்தவர் பயந்துபோனார்.

மார்ச் 15, ஞாயிறு

ஊர்வலம். மாமாதான் ஓட்டினார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. நான் பக்கத்தில், இவர் பின்னால். கேட்டைத் தாண்டும்முன் கொழுந்தன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து ஜன்னலோரம் நின்றான்.

"நான் சொன்னது தப்புப்பா. நானும் வரட்டுமா?"

மாமா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் நீட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறு. மெதுவா சாத்து."