கூண்டுக்கு வெளியே உள்ள புல்

27 மார்ச் 1990
கொலினுடைய பண்ணையில் கம்பிக்கூண்டுகள் வைத்து முடிந்தது. கூண்டுக்குள் இருக்கிற புல்லில் மான் வாய் வைக்க முடியாது. கிழமைக்கொருக்கா உள்ளேயும் வெளியேயும் வெட்டி, காயவைத்து நிறுத்தால், வித்தியாசம்தான் மான் தின்ற அளவு. கொலின் போன வருசம்தான் செம்மறிகளை விற்று மான் வாங்கினவர். இந்தப் புல் இன்னும் எத்தனை மானுக்குத் தாங்கும் என்று எங்களிடம் கேட்டிருக்கிறார். எங்கட லாபில் பெரியவர் டொக்டர் நெவில். அவரும் செம்மறி ஆள்தான். ஒரு மான் ஒன்றரைச் செம்மறியின் தீனி தின்னும், அவ்வளவுதான் என்கிறார்.

கிளேட்டனில் வீட்டுக்கு வந்துசேர இருட்டிவிட்டது. நாளைக்கு நோன்பா இல்லையா, பிறைச் செய்தி இன்னும் வரவில்லை.

5 ஏப்ரல்
ஆண்மான் அடைப்பில் கூண்டுக்கு உள்ளேயும் வெளியேயும் புல் ஏறக்குறைய ஒரே நிறை. திரும்பவும் நிறுத்தேன். அதே கதைதான்.

6 ஏப்ரல்
நெவிலிடம் காட்டினேன். "சாப்பிடாமல் வயலில் நிற்கிறாய், பரீனா. கை தடுமாறியிருக்கும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடுத்தமுறை வேறு ஆளை அனுப்பட்டுமா என்றும் கேட்டார். எனக்கு முகமெல்லாம் கொதிச்சிட்டுது. சின்ன வயசில இருந்து நோன்பு பிடிக்கிறன். நோன்போடதான் ஏ.எல். சோதனையே எழுதினனான். ஒரு கத்தரிக்கோல் பிடிக்க ஏலாதா எனக்கு?

வீட்டுக்கு வந்து சொன்னால், என்ர மனுசன் சிஹாபும், "தலை சுத்தினா அளவு பிழைக்கும்தானே" என்கிறார். நோன்பு திறந்த பிறகு அவரோடு கதைக்கவில்லை. கஞ்சிக் கோப்பையை மட்டும் தள்ளிவைத்தேன்.

12 ஏப்ரல்
நான்தான் போனேன். விடுவேனா? இந்தமுறை வெட்ட முதல் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு கிடாமானாவது புல்லுக்குத் தலை குனியவில்லை. பக்கத்து அடைப்பில் பெண்மான்கள். அதுகளைப் பார்த்து உறுமுறதும், ஒன்றையொன்று துரத்துறதும், வேலி நெடுக நடக்கிறதும்தான் வேலை. வயிறு ஒட்டி இடுப்பெலும்பு தெரிகிறது. இது கூடும் பருவம். புல்லில் மனம் போகாது. அப்ப என்ர அளவு சரி. அல்ஹம்துலில்லாஹ்.

17 ஏப்ரல்
அளவு சரியென்று நெவிலை நம்பவைத்தேன். ஏன்டா நம்பவைத்தேன் என்று இருக்கிறது இப்போது.

உடனே கொலினுக்கு ஃபோன் போட்டார். மான் நினைத்ததைவிடக் கொஞ்சமாகத்தான் தின்கிறது, இன்னும் அறுபது தாங்கும் என்று. கொலின் அடுத்த கிழமை வாங்கப்போகிறாராம். இது இந்த மாதத்து அளவு மட்டும்தான் என்று நான் சொன்னது நெவிலின் காதில் ஏறவேயில்லை.

இந்த நாட்டில் ஜூன், ஜூலைதான் குளிர்காலம்; குளிருக்குப் புல் வளராது. பருவம் முடிஞ்சு பசியோட திரும்புற கிடாக்கள், அதுக்கு மேல புதுசா அறுபது வாய் — ஜூலையில என்னத்தைத் தின்னுங்கள்? செத்துப்போகுங்கள். நான் வெட்டி நிறுத்துக் குடுத்த அளவை நம்பி.

19 ஏப்ரல்
நெவிலின் கதவைத் தட்டினேன். கதிரையில் இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை.

"இந்த மாதம் நான் மத்தியானம் என்ன சாப்பிடுறன்?"

"ஒன்றுமில்லை."

"இதை வச்சு என்ர வீட்டுக்கு வருசத்துக்கு எவ்வளவு அரிசி வேணுமெண்டு சொல்லுவீங்களா? பெருநாளைக்கு வந்து பாருங்கோ, என்ன தின்னுறமெண்டு."

அவர் சிரிக்கவில்லை. கொலினுடைய ஃபோன் நம்பரை ஒரு துண்டில் எழுதி நீட்டினார். பிறகு, "கொலினிடம் நீயே சொல்லு" என்றார்.

கொலின் வீட்டில் இல்லை. மான் பார்க்கப் போய்விட்டார் என்றாள் மனைவி. அவளிடமே எல்லாவற்றையும் சொல்லிவைத்தேன். விளங்கியதோ என்னவோ.

27 ஏப்ரல்
பெருநாள். கொலினிடமிருந்து ஒரு கதையுமில்லை. சிஹாப் மூன்றாம் தரமும் சோறு போட்டுக்கொண்டு, "நெவில் வந்திருந்தா என்னையும் தராசில நிறுத்திருப்பார்" என்றார். சிரித்துவிட்டேன். அவரோடு கோபம் அத்தோடு போயிற்று. மான்களைப் பற்றின பயம் போகவில்லை.

24 மே
கூடும் பருவம் முடியும்வரை வெட்டை நிறுத்திவைத்திருந்தோம்; இன்றைக்குத்தான் திரும்பப் போனேன். பண்ணைப் பாதையில் எனக்கு முன்னால் பெரிய லொறி ஒன்று, தார்ப்பாய் போட்டு மூடி. வாங்கிட்டானே பாவி என்றே நினைத்தேன்.

வாசலில் கொலின் தார்ப்பாயை இழுத்தார். உள்ளே முழுக்கக் காய்ந்த புல் கட்டுகள். "நீ சொன்னதை மனைவி சொன்னாள். அந்த அறுபதை வாங்கவேயில்லை. இது இருக்கிறதுகளுக்கு, குளிருக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கியதை அவர் பார்த்தாரோ தெரியாது.

பிறகு ஆண்மான் அடைப்புக்குப் போனேன். புல்லை விட்டு ஒரு தலையாவது நிமிரவில்லை. கூண்டுக்குள் புல் கணுக்காலைத் தாண்டி நிற்கிறது. வெளியே கத்தரிக்கோலுக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.