பெரியப்பாவின் வீடியோவைத் திரும்பப் போட மாட்டேன்

திருத்தணி,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சுசித்ராவுக்கு உன் அம்மா எழுதுவது. தணிகை மலையான் தயவில் நானும் உன் நைனாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். நைனாவுக்கு முட்டிவலி தேவலை, தைலம் தேய்த்துவிட்டால் மட்டும் வலிக்கிறது என்கிறார், தேய்க்காவிட்டால் அம்மா கவனிப்பதில்லை என்கிறார். இங்கே விடாத மழை, நந்தியாற்றில் தண்ணீர் ஓடுகிறது என்று ஊரே பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. போனிலேயே பேசாமல் இது என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நீ அழுவாய், நீ அழுதால் நான் இளகுவேன், அதற்குள் உன் நைனா போனைப் பிடுங்கி "சரிம்மா, போட்டுடறோம்" என்று சொல்லி வைத்துவிடுவார். காகிதத்தை யாரும் பிடுங்க முடியாது. ஊறுகாய்ப் பார்சலோடு வைத்து அனுப்புகிறேன், முதலில் இதைப் படி, பிறகு ஊறுகாயைத் திற.

நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். "அம்மா, பெரியப்பா வீடியோவ முன்னாடி இருந்த மாதிரியே போட்டுடு, அவரு கல்யாணத்துக்கு வரமாட்டேன்றாரு, ஒரு வீடியோவுல இன்னா வந்துடப்போவுது" என்று எழுதியிருக்கிறாய். போட மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கும் பாரம் இறங்கும், மீதியை நிதானமாக எழுதலாம். இந்த ஊர் மலை கோபம் தணிந்த மலை என்பார்கள், அந்தத் தணிவெல்லாம் மேலே நிற்கிறவனோடு சரி, அடிவாரத்தில் இருக்கிற எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நீ நம் விடுதிக்கு வெப்சைட் செய்துகொடுத்தாயே, முதன்முதலில் அது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். மேலே 'சுசித்ரா இல்லம்' என்று உன் பெயர், அதன் கீழே போன் நம்பர், அறையின் படம், குளிக்க வெந்நீர் உண்டு, மொட்டை போட்ட பிள்ளைகளைக் குளிப்பாட்டத் தனி இடம் உண்டு, பேருந்து நிலையத்திலிருந்து வர வழி, அவ்வளவுதான். தொட்டால் திறக்கும். மலைக்கு வந்தவர்கள் படி இறங்கும்போதே போன் செய்வார்கள், அவர்கள் வந்து சேர்வதற்குள் நான் வெந்நீர் போட்டு வைத்துவிடுவேன். அப்புறம்தான் உன் பெரியப்பா வரதராஜன் வந்தார். விடுதி திறந்த அன்று தாம் குத்துவிளக்கு ஏற்றிப் பேசியது வீடியோவாக இருக்கிறது, அது இல்லாமல் என்ன வெப்சைட் என்றார். நீயும் ஒட்டிக் கொடுத்தாய். அதைப் பார்த்த தாயாரம்மாள் அத்தை, அன்று தான் பாடிய பாட்டு எங்கே என்று கேட்டாள். அத்தை பாட்டு வந்தவுடன் சித்தப்பா தெலுங்கில் வாழ்த்தியது வந்தது, அது வந்தவுடன் மாமா ட்ரோன் விட்டு எடுத்த மலை வந்தது. நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் பெயரை விட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது என்று எல்லாரையும் அடுக்கி, கடைசியில் மாப்பிள்ளை பெயரைத் தேட வேண்டியிருக்குமே, அப்படித்தான். நம் போன் நம்பர் எல்லா உறவினருக்கும் கீழே போய் ஒண்டிக்கொண்டது.

அப்போது நீயே என்னிடம் சொன்ன வார்த்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "வீடியோவ நேரா பக்கத்துல ஒட்டுனா, யாரும் பிளே அழுத்தாட்டியும் அது தன் மூட்டை முடிச்சையெல்லாம் தூக்கிகினு வந்து எறங்கும்மா, ஒண்ணு ரெண்டுன்னா தாங்கும், இத்தன வந்தா பக்கம் படுத்துக்கும்" என்றாய். ஒவ்வொருவர் வீடியோ இருக்கிற இடத்திலும் வெறும் படத்தை வைத்து, தொட்டால் மட்டும் வீடியோ வருகிற மாதிரி செய்யலாம் என்று வழியும் சொன்னாய். பெரியப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை, "தொட்டாத்தான் வரும்னா எவன் தொடுவான், தொறந்ததும் தானா ஓடணும்" என்றார். அவர் வீடியோவை யாரும் வேண்டிப் பார்க்க மாட்டார்கள் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது பார். ஆனால் நீ வாயை மூடிக்கொண்டு அவர் சொன்னபடியே செய்தாய். விளக்கேற்றியவர், பெரியவர், விடும்மா என்றாய். நானும் விட்டேன். உன் ஊரில் கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் வந்துவிடுகிறது, அதனால் உனக்கு உறைக்கவில்லை. எங்களுக்கும் வீட்டில் வயர் இழுத்த நெட் இருக்கிறது, அதனால் எங்களுக்கும் உறைக்கவில்லை.

அந்த வீடியோக்கள் ஏறிய பங்குனிக்குப் பிறகு போன் வருவது குறைந்தது. புதிது புதிதாக விடுதிகள் வந்துவிட்டன, அதனால்தான் என்று நைனா சொன்னார். ஆடிக் கிருத்திகைக்கு எப்போதும்போல அறைகள் நிரம்பின, ஆனால் அது ஆடி, அப்போது மாட்டுக் கொட்டகை இருந்தாலும் கதவைத் தட்டிக் கேட்பார்கள். மற்ற மாதங்களில் போனைப் பார்த்துத்தான் வருகிறார்கள். ஆவணிக் கிருத்திகை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது, ஊர் கொள்ளாத கூட்டம், நம் வீட்டில் மட்டும் மாடி முழுக்கக் காலி. பூ வாங்கலாம் என்று பேருந்து நிலையத்துக்குப் போனேன். அங்கே நிழற்குடையில் ஒரு பெண் நின்றாள், இடுப்பில் மொட்டை போட்ட பிள்ளை, தலையில் தடவிய சந்தனம் வெயிலில் காய்ந்து வெடித்து, அது வீல் வீலென்று அழுகிறது, பக்கத்தில் அவள் மாமியார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் போனை மேலே தூக்குகிறாள், இறக்குகிறாள், உதறுகிறாள். நான் எட்டிப் பார்த்தேன். மேலே உன் பெயர் இருந்தது சுசித்ரா. அதன் கீழே வெறும் வெள்ளை, வேறொன்றுமில்லை, நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கேட்டதற்கு, ஆம்பூர் பக்கத்திலிருந்து வருகிறோம், நாத்தனார் இந்த இடம் நல்லாயிருக்கும் என்று சொன்னாள், "ஆனா சுத்திகினே கீதுங்க, நம்பரே வரல, வேற எங்கனா போலாம்னு பாக்குறோம்" என்றாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கூட்டத்தில் எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் இழுத்தால் சிக்னல் என்ன செய்யும், கிடைத்த கொஞ்சத்தையும் நம் பக்கத்தில் பெரியப்பா விளக்கேற்ற எடுத்துக்கொண்டிருந்தார். வெந்நீரும் காலி அறையும் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளையை வெயிலில் அழவிட்டது நம் குடும்பப் பெருமை. நான்தாம்மா அந்த வீட்டுக்காரி என்று சொல்லி மூவரையும் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டியதும் தூங்கிப்போனது, மாமியார்க்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அன்றே அழித்தேன். அறை காலி இல்லை என்று மாற்றுவதற்கு நீ சொல்லிக்கொடுத்தாயே, அதே வழிதான், உள்ளே போய் பென்சில் குறியைத் தொட்டு வேண்டாததை நீக்குவது. ஆத்திரத்தில் குளியலறைப் படத்தையும் சேர்த்து நீக்கிவிட்டேன், திரும்ப எடுத்துப் போட்டதில் நைனாவின் துண்டு தொங்குகிறது, இருக்கட்டும், மனிதர்கள் புழங்கும் இடம் என்று தெரியும். போன் நம்பரை உன் பெயருக்கு அடியிலேயே கொண்டுவந்தேன். உறவினரையும் தெருவில் விடவில்லை, 'பெரியோர் ஆசி' என்று உள்ளே தனியாக ஒரு பக்கம் வைத்து, ஆளுக்கொரு படம், தொட்டால் அவரவர் வீடியோ வரும்படி செய்தேன், நீ முதலில் சொன்ன அதே வழி. அடுத்த கிருத்திகைக்கு நைனாவை அவருடைய கீறல் விழுந்த போனோடு பேருந்து நிலையத்துக்கு அனுப்பித் திறந்து பார்க்கச் சொன்னேன். "கண்ணாடி போடறதுக்குள்ள தொறந்துகிச்சி, இன்னாத்துக்கு என்னை அனுப்பன" என்று அங்கிருந்தே சலித்துக்கொண்டார். அன்றைக்கு மாடி நிரம்பியது.

தாயாரம்மாள் அத்தை ஒரு வாரம் முறுக்கிக்கொண்டிருந்தாள், அப்புறம் அவளே வந்து, தன் படம் அழகாக இல்லை, வேறு படம் வை என்று பட்டுப்புடவையில் எடுத்ததைக் கொடுத்துவிட்டுப் போனாள். பெரியப்பாதான் மசியவில்லை. வந்தார், காபியைத் தொடவில்லை, "நான் ஏத்தன வெளக்குல ஒக்காந்துகினு என்னையே பின்னாடி தள்றியா" என்று கேட்டார். பின்னாடி தள்ளவில்லை மாமா, வருகிறவர்களை முன்னாடி விட்டேன் என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு உன் நைனா பக்கம் திரும்பி, "ராஜவேலு, ஊட்ல யாரு பேச்சு நடக்குது" என்றார். உன் நைனா காபியைக் குடித்துக்கொண்டே, "நெட்டு பேச்சுண்ணா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் தப்பாகிப்போனது. அந்தக் கோபத்தில்தான் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று கிளம்பிப் போனார். ஆனாலும் அவர் தினம் காலையில் நம் பக்கத்தைத் திறந்து தன் வீடியோ வந்துவிட்டதா என்று பார்க்கிறாராம், பெரியம்மா சொன்னாள். திறக்க நேரமாகிறது என்று ஒருநாளும் குறை சொல்லவில்லையாம்.

அவரை நான் மதிக்காதவள் இல்லை. உனக்கு முதல் மொட்டை போட்டபோது உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏறியவர் அவர், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதனால்தான் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து நானும் நைனாவும் முதல் அழைப்பாக அவர் வீட்டுக்குப் போனோம். வீடியோ என்ன ஆச்சு என்று கேட்டார், இது கல்யாணத் தட்டு மாமா, இதில் வீடியோ வைக்கவில்லை என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார், பெரியம்மா வாங்கி உள்ளே வைத்தாள். தையில் உன் கல்யாணம், மாப்பிள்ளை இளம்பரிதி வீட்டார் பெரியப்பா எங்கே என்று கேட்டால் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன், அந்தக் கவலை உனக்கு வேண்டாம். அவர் வராவிட்டால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும், அழக்கூடச் செய்வேன். ஆனாலும் போட மாட்டேன். பத்திரிகையில் அவர் பெயர்தான் முதலில், பெரிய எழுத்தில், தங்க மையில் வரப்போகிறது. காகிதம் எத்தனை பேரையும் தாங்கும், வெயிலில் நிற்கிறவளின் போன் தாங்காது.

என் வருத்தமெல்லாம் உன்மேல்தான். சரி எது என்று உனக்கு முதலிலேயே தெரியும், சொல்லவும் சொன்னாய், ஒரு பெரிய மனிதர் குரலை உயர்த்தியதும் உன் பெயருக்கு அடியில் இருந்த நம்பரை நீயே எடுத்துக் கீழே வைத்தாய். நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போகப்போகிறாய், அங்கேயும் பெரியவர்கள் இருப்பார்கள், அங்கேயும் விடும்மா விடும்மா என்று ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினால் கடைசியில் உன்னைத் தேடிப் பிடிக்க நானே இங்கிருந்து வரவேண்டியிருக்கும். மரியாதை கொடு, காலில் விழு, பட்டுப்புடவைப் படம் கேட்டால் மாற்றி வை. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நில்லு. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

இன்னொன்று, என் பேச்சைக் கேட்காமல் அங்கிருந்தே நீ திரும்ப ஒட்டிவிடுவாய் என்று எனக்குத் தெரியும், உன்னைப் பெற்றவள் நான். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். உன் பிறந்தநாள், நைனா பெயர், மலைக்கோயில் பெயர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்காதே, மறந்துபோச்சு என்று அழுத்தினாலும் செய்தி என் போனுக்குத்தான் வரும்.

தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல், உனக்கு வாய்த்தவனோடு சிரித்துக்கொண்டு நூறு வருஷம் இரு. மலையான் உன் கூடவே இருப்பான், இல்லாவிட்டால் நான் போய்க் கேட்பேன். எண்ணெய் தேய்த்துக் குளி, ஊறுகாயில் ஈரக் கரண்டி வைக்காதே. இதைப் படித்து முடித்ததும், அழுகை வந்தாலும் வராவிட்டாலும், போனை எடுத்து நம் பக்கத்தைத் திற. உட்காருவதற்குள் உன் பெயரும் அதற்கு அடியில் நம்பரும் வந்து நிற்கும். அதை அழுத்து. யார் யாரையும் தாண்டி வரவேண்டியதில்லை, எடுக்கப்போவது நான்தான்.

இப்படிக்கு,
வீடியோவைத் திரும்பப் போடாத உன் அம்மா,
அனுசுயா