மாமா சாப்பிடும் இடம்

14.11.2006, செவ்வாய்

சிதம்பரத்தில் மழை விடவில்லை. நாத்தனார் கல்யாண வீடியோ கேசட்டில் பூஞ்சை பிடித்துவிடுமோ என்று பயந்து வெளியே எடுத்தேன். டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். போட்டுப் பார்த்தால் எல்லா இடமும் பளிச்சென்று இருக்கிறது. பந்தியில் மாமா சாப்பிடும் இடத்தில் மட்டும் அவர் முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு.

காரணம் எனக்குத் தெரியும். மாமா தவறியதிலிருந்து அத்தை தினமும் மதியம் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்து, அந்த இடத்தில் படத்தை நிறுத்திவைத்துச் சாப்பிடுகிறார். நிறுத்தினால் ஹெட் ஒரே இடத்தில் சுற்றி டேப்பைத் தேய்த்துவிடும். கடலூரில் இதை சிடியில் பதிந்து தருகிறார்கள். ஆனால் கேசட்டைக் கையைவிட்டு அனுப்ப அத்தைக்கு மனமில்லை.

இன்று கோபம் வந்துவிட்டது. "அத்தை, நிறுத்தாம ஓடவிட்டுப் பாருங்க. இப்படியே போனா மாமா முகமே அழிஞ்சிடும்" என்றேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ஓடவுட்டா அவுரு கைகழுவ எழுந்து போயிடுறாரும்மா. நான் இன்னும் சாப்ட்டு முடிக்கலியே."

ரிமோட்டை அவர் பக்கமே நகர்த்திவைத்துவிட்டு ரசம் ஊற்றினேன்.